இலண்டன் வீடுகளின் சுதை உட்கூரை: உடைப்பதா, மீட்பதா?

சில ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டன் சென்றிருந்தபோது தம்பியின் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். விக்ரோறியா மகாராணியின் ஆட்சிக் காலத்தில், கிழக்கு இலண்டனில் வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட செங்கல் வீடுகளுள் அதுவும் ஒன்று. புலம்பெயர்ந்த எம்மவர் பலர் இன்று இத்தகைய வீடுகளிலேயே வாழ்கின்றனர் என்பதை வாசகர்கள் அறிவர்.

மேல்மாடிக் குளியலறைக் குழாயில் ஏற்பட்ட கசிவினால் முன் அறையின் உட்கூரை ஒரு மூலையில் பழுப்பேறி, வயிறு தள்ளியதுபோலக் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த உட்கூரையின் நடுவே, விளக்குத் தொங்கும் இடத்தில், இலைகளும் இதழ்களும் பின்னிய ஒரு பெரிய சுதை மலர் இருந்தது. சுவரும் கூரையும் சந்திக்கும் விளிம்பு நெடுகிலும் கோர்னிஸ் எனப்படும் அலங்காரப் பட்டி ஓடியது. கசிவு நேர்ந்த மூலையில் அந்தப் பட்டி ஏறத்தாழ ஒரு முழ நீளத்துக்கு உதிர்ந்து விழுந்திருந்தது.

பார்வையிட வந்த கட்டட ஒப்பந்தகாரர் ஐந்து நிமிடங்களில் தீர்ப்பு வழங்கிவிட்டார். முழுவதையும் இடித்து இறக்கிவிட்டு ஜிப்சம் பலகை அடித்தால் இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும் என்றார்.

"முழுக்கக் கழட்டி எறியச் சொல்லினம், பெரியப்பா. என்ன செய்யிறது?" என்று கேட்டாள் பிள்ளை. வீட்டுக் கடன், இரண்டு குழந்தைகள், இருவரும் வேலைக்குப் போனால்தான் சமாளிக்கக்கூடிய வாழ்க்கை. அவளுடைய கேள்வியில் அழகியல் எதுவும் இல்லை. செலவுக் கணக்கு மாத்திரமே இருந்தது.

"அவசரப்படாதை பிள்ளை. வேலை தெரிஞ்ச ஆள் ஒருத்தரைக் கொண்டு ஒருக்காப் பாப்பம்" என்றேன். ஒரு பத்திரிகையாளனுக்கு விடை தெரியாத இடத்தில் வருகின்ற வழமையான பதில் அது. ஆயினும், அந்தப் பதிலின் பின்னர் இவ்விடயம் குறித்துத் தேடி வாசித்தவையும், வந்த முதிய சுதைத் தொழிலாளியிடம் கேட்டறிந்தவையும் என்னை வேறோர் உலகுக்கு இட்டுச் சென்றன. அவற்றை இங்கே பதிவு செய்கின்றேன்.

சலாகையும் சாந்தும்

இத்தகைய பழைய உட்கூரை எவ்வாறு நிற்கின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மேல்மாடித் தளத்தைத் தாங்கும் தீராந்திகளின் அடியில் மெல்லிய மரச் சலாகைகளைச் சிறு இடைவெளி விட்டு வரிசையாக ஆணியடிப்பர். சுண்ணாம்பும் மணலும் விலங்கு உரோமமும் சேர்த்துக் குழைத்த சாந்தை அந்தச் சலாகைகளின் மீது கீழிருந்து அழுத்திப் பூசுவர். சாந்தின் ஒரு பகுதி இடைவெளிகளினூடாக மேலே பிதுங்கி, சலாகையின் முதுகுப் புறத்தில் மடிந்து படிந்து இறுகிவிடும். இந்தக் கொளுக்கிகளே உட்கூரை முழுவதையும் தாங்குகின்றன. அதன்மேல் இன்னும் இரண்டு பூச்சுகள் இட்டு மெருகேற்றுவர். உரோமம் சேர்ப்பது சாந்து வெடிக்காமல் இழுத்துப் பிடிப்பதற்காக. மாட்டின் உரோமமும் ஆட்டின் உரோமமும் இதற்குப் பயன்பட்டன.

கோர்னிஸ் செய்யும் விதம் இதனினும் சுவையானது. பட்டியின் குறுக்குவெட்டு வடிவத்தை நாகத் தகட்டில் வெட்டி, அதை ஒரு மரச் சட்டத்தில் பொருத்துவர். சுவரில் அடித்த வழிகாட்டிச் சலாகை மீது அந்தச் சட்டத்தை வைத்து, ஈரச் சாந்தின் மேலாகத் திரும்பத் திரும்ப இழுத்துச் செல்வர். ஒவ்வோர் இழுப்பிலும் மிகுதிச் சாந்து வழிக்கப்பட்டு வடிவம் தெளிவடையும். அறையின் மூலைகளுக்குள் சட்டம் புக முடியாது. ஆகையால் நான்கு மூலைகளையும் கையினாலேயே செதுக்கிச் சேர்க்க வேண்டும். ஒரு தொழிலாளியின் திறமையை அறிய வேண்டுமானால் மூலையைப் பார் என்பது அந்தத் தொழிலாளர் மத்தியில் உள்ள பேச்சு.

இதற்குப் பயன்படும் சாந்து இருவகைப்படும். சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு, நீற்றி, குழியில் மாதக்கணக்கில் ஊறவிட்டு எடுப்பது ஒன்று. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகும். ஜிப்சத்தை ஏறத்தாழ 150 பாகையில் சுட்டு எடுக்கும் பரிஸ் சாந்து மற்றையது. பரிஸ் நகரின் மொன்மார்த்ர் குன்றில் ஜிப்சம் வெட்டியெடுக்கப்பட்டமையால் அந்தப் பெயர். நீர் பட்டதும் அரை மணி நேரத்துக்குள் இது இறுகிவிடும். சுண்ணாம்பு பொறுமையின் பொருள். ஜிப்சம் வேகத்தின் பொருள். உட்கூரையின் வரலாறு முழுவதும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்த வரலாறே எனலாம்.

இவ்விடத்தில் எம்மவருக்குச் சுவையான ஒரு செய்தியைக் குறிப்பிடுவது பொருத்தம். சென்னப்பட்டினத்தில் சுண்ணச் சாந்து தயாரிக்கும் முறையை விபரிக்கும் கடிதமொன்று இலண்டன் ரோயல் சொசைற்றியின் ஆய்வேட்டில் 1730களின் தொடக்கத்தில் வெளியாயிற்று. எழுதியவர் சென் ஹெலேனாத் தீவின் ஆளுநராக இருந்த ஐசாக் பைக். வெல்லம், கடுக்காய், முட்டை வெண்கரு, தயிர் ஆகியன சாந்தில் சேர்க்கப்படும் விதம் அதில் கூறப்பட்டுள்ளது. தயிர் என்ற தமிழ்ச் சொல்லே ஆங்கில எழுத்தில் அக்காலக் குறிப்புகளில் இடம்பெற்றது. கிளிஞ்சல் சுண்ணாம்பு கொண்டு சலவைக்கல் போல மெருகேற்றப்பட்ட சென்னைச் சுவர்களைக் கண்டு கும்பனி உத்தியோகத்தர்கள் வியந்தனர். சுதை வேலையில் தமக்குத் தெரியாத நுட்பம் எம்மண்ணின் கொத்தனார்களிடம் இருந்தது என்பதை ஆங்கிலேயர் எழுத்திலேயே ஒப்புக்கொண்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

பிரபு வீட்டிலிருந்து எழுதுவினைஞர் வீட்டுக்கு

இலண்டன் சுதைத் தொழிலாளரின் சங்கத்துக்கு ஏழாம் ஹென்றி மன்னர் 1501 ஆம் ஆண்டு பட்டயம் வழங்கினார். ஐந்து நூற்றாண்டுகளாக அந்தச் சங்கம் இன்றும் இயங்கி வருகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுவிற்சர்லாந்தின் இத்தாலிய மொழிப் பிரதேசமான ரிசினோவிலிருந்து வந்த கலைஞர்கள் இங்கிலாந்தின் உட்கூரைகளை மாற்றியமைத்தனர். 1726 இல் நிறைவுற்ற சென் மார்ட்டின்-இன்-த-பீல்ட்ஸ் தேவாலயத்தின் உட்கூரை, அர்ட்டாரி, பகூட்டி ஆகிய அத்தகைய இருவரின் கைவண்ணம். றபல்கர் சதுக்கத்துக்குச் செல்லும் நண்பர்கள் சற்று உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்க்கலாம்.

அவர்களுக்குப் பின் வந்தவர் ஸ்கொத்லாந்தின் கட்டடக் கலைஞர் றொபேட் அடம். 1754 முதல் 1758 வரை இத்தாலியிலும் அயலிலும் உரோமானியச் சிதைவுகளைப் பார்த்து வரைந்து திரும்பிய அவர், மெல்லிய, தட்டையான, நுணுக்கமான சுதை வேலைப்பாட்டைப் பிரபலமாக்கினார். வரைந்தவர் அடம், அவருடைய பல மாளிகைகளில் அதைச் சாந்தில் வடித்தவர் ஜோசப் றோஸ். வரைந்தவரின் பெயரை உலகம் அறியும். வடித்தவரின் பெயரைத் தேடித்தான் அறிய வேண்டியுள்ளது. எந்த நாட்டிலும் கைவினைஞருக்கு நேர்வது இதுதான் போலும்.

இந்த அலங்காரம் பிரபுக்களின் மாளிகைகளிலிருந்து சாதாரண மக்களின் வீடுகளுக்கு இறங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அதற்குக் காரணம் தொழில்நுட்பம். பழைய மர அச்சுகளுக்கும் மெழுகு அச்சுகளுக்கும் பதிலாக நெகிழும் ஜெலற்றின் அச்சுகள் வந்தன. குடைவான இலைகளையும் பூக்களையும் உடையாமல் அச்சிலிருந்து கழற்ற அவை உதவின. 1856 ஆம் ஆண்டு டெசாசி என்ற பிரெஞ்சுக்காரர், சணல் துணியும் மரச் சலாகையும் உள்ளே பொதிந்த பாரமற்ற வார்ப்புச் சாந்துக்குப் பிரித்தானியாவில் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர் அலங்காரத்தைப் பட்டறையில் வார்த்து, வண்டியில் ஏற்றி வந்து, வீட்டில் பொருத்துவது எளிதாயிற்று. எழுதுவினைஞரும் கடைக்காரரும் பட்டியலைப் பார்த்துத் தமது முன் அறைக்குப் பிரபுவின் உட்கூரையைத் தெரிவு செய்ய முடிந்தது.

அந்த வீடுகளின் உட்கூரையைப் பார்த்தே அக்காலச் சமூகப் படிநிலையை வாசித்துவிடலாம். விருந்தினரை இருத்தும் முன் அறையிலே மிகச் செழிப்பான மலரும் கோர்னிசும் இருக்கும். பின் அறையில் சற்று எளிமையானவை. படுக்கையறையில் வெறும் கோடு. வேலையாட்கள் இருந்த வீடுகளில், அவர்கள் உறங்கிய மேல் அறையில் ஒன்றுமே இராது. நடுமலருக்கும் ஒரு பயன் இருந்தது. அதன் கீழே எரிவாயு விளக்குகள் தொங்கின. சில மலர்களின் இதழ்களுக்கு இடையே வெப்பமும் புகையும் வெளியேறுவதற்கான துளைகள் கூட வைக்கப்பட்டன.

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் இந்தத் தொழில் தளர்ந்தது. அமெரிக்காவில் ஒகஸ்ரின் சாக்கெற் 1894 இல் காப்புரிமை பெற்ற ஜிப்சம் பலகையின் வழிவந்தவை, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய வீடமைப்பில் சலாகையையும் சாந்தையும் அகற்றிவிட்டன. பழைய வீடுகளில் மலர்களை உடைத்தெறிந்தனர். அல்லது பொய்க்கூரை அடித்து மறைத்தனர். அல்லது வர்ணத்துக்கு மேல் வர்ணம் பூசி மூழ்கடித்தனர். தம்பியின் மகள் வீட்டு மலர் இந்த மூன்றாம் வகை. அதன் இதழ்கள் தடித்துப் போய், மெழுகு உருகி வழிந்ததுபோலக் காணப்பட்டன.

மொறிசின் எச்சரிக்கை

பழையதை மீட்பது என்ற சொல் கேட்பதற்கு நல்லதாகத் தோன்றினாலும் அதனுள்ளே ஒரு பெரும் விவாதம் இருக்கின்றது. விக்ரோறியா காலத்தில் தேவாலயங்களைப் புதுப்பிக்கப் புறப்பட்டவர்கள், தமது கற்பனையிலிருந்த மத்திய காலத் தோற்றத்தைக் கொண்டுவருவதற்காகப் பழைய சாந்தைச் சுரண்டி எறிந்து கல்லை வெளிக்காட்டினர். அந்தச் சாந்தோடு நூற்றாண்டுகளின் தடயங்களும் போயின. இதைக் கண்டு கொதித்த கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மொறிஸ், நண்பர் பிலிப் வெப்புடன் சேர்ந்து 1877 இல் பழைய கட்டடங்களின் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். சுரண்டலுக்கு எதிரான சங்கம் என்றே அது செல்லமாக அழைக்கப்பட்டது.

மொறிசின் வாதம் எளிமையானது. இறந்துபோன தொழிலாளியின் கையை எவராலும் திரும்ப உயிர்ப்பிக்க முடியாது. அவன் செய்ததைப் போலச் செய்து வைப்பது வரலாற்றைப் போலியாக்குவதாகும். ஆகவே இருப்பதை நாள்தோறும் பேணுங்கள். ஒழுகும் இடத்தை உடனே அடையுங்கள். போனதைப் போனதாக விடுங்கள்.

இந்த வாதத்தின் நேர்மை என்னைக் கவர்ந்தது. எனினும், நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் நிகழ்ந்த ஒரு தீ விபத்து, இதற்கு மறுபக்கமும் உண்டென்பதைக் காட்டியது.

சாம்பலில் கிடைத்த இதழ்கள்

தென் இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸ் பகுதியில், குன்றின் மேல் அப்பார்க் என்ற மாளிகை இருக்கின்றது. 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டு, 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அழகிய சுதை உட்கூரைகள் இடப்பெற்றது. எழுத்தாளர் எச். ஜீ. வெல்ஸின் தாயார் அங்கே வீட்டு மேலாளராகப் பணிபுரிந்தவர். 1954 முதல் தேசிய நம்பிக்கை நிதியத்தின் பொறுப்பில் அம்மாளிகை இருந்து வருகின்றது.

1989 ஓகஸ்ட் 30 ஆம் திகதி, கூரைத் திருத்த வேலை முடிவடையும் தறுவாயில், ஈயத் தகடுகளை ஒட்டும் வேலையிலிருந்து தீ பரவியது. மேல் மாடிகள் முற்றாக எரிந்தன. தீயணைப்பு வீரர்களும் ஊழியர்களும் கைமாற்றிக் கைமாற்றிக் கீழ்த்தளப் பொருட்களில் பெரும்பாலானவற்றை வெளியே கொண்டுவந்தனர். உட்கூரைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாதல்லவா? அவை எரிந்த மரங்களோடு சேர்ந்து குவியலாக விழுந்தன.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். அந்தக் குவியலை எவரும் அள்ளி எறியவில்லை. தொல்லியல் அகழ்வு போலத் தளத்தைக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எது விழுந்தது என்று குறித்து, ஆயிரக்கணக்கான குப்பைத் தொட்டிகளில் இடிபாடுகளைச் சேகரித்துச் சலித்தனர். சாந்துத் துண்டுகள், இதழ்கள், சுருள்கள், உடைந்த இலைகள் யாவும் பொறுக்கி எடுக்கப்பட்டன. பின்னர், எரிந்ததற்கு முந்திய நாள் வீடு எவ்வாறு இருந்ததோ அவ்வாறே அதனை நிறுத்துவது என்று முடிவு செய்தனர். புத்தம் புதிய 18 ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றை அவர்கள் உருவாக்க விரும்பவில்லை. மங்கிய நிறமும் அவ்வாறே மங்கியதாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

ஆனால் அந்தச் சுதை வேலையைச் செய்வதற்குப் பயின்ற கைகள் அரிதாகிவிட்டிருந்தன. அப்பார்க்கின் அலங்காரங்களில் பல அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல. ஈரச் சாந்தை உட்கூரையிலேயே வைத்து, அண்ணாந்தபடி, கையினாலும் சிறு கருவிகளினாலும் நேரடியாக வடிக்கப்பட்டவை. அச்சில் வார்க்கப் பழகிய நவீன தொழிலாளருக்கு அது புதியது. ஆகவே, கிடைத்த உதிரிகளையும் பழைய நிழற்படங்களையும் முன்னே வைத்துக்கொண்டு, சாந்தின் கலவையைப் பரிசோதித்துப் பார்த்து, அந்த வேலையை மீளக் கற்றுக்கொண்டனர். இதழின் முதுகைப் பார்த்து அது எந்தத் திசையில் அழுத்தப்பட்டது என்பதை அறிந்தனர். உடைந்த துண்டுகளே ஆசானாயின. 1995 இல் மாளிகை மீண்டும் திறக்கப்பட்டது.

இதற்கிடையில் 1992 நவம்பர் 20 ஆம் திகதி வின்ட்சர் கோட்டை எரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் சேதமுற்றன. சரியாக ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1997 நவம்பர் 20 இல், 36.5 மில்லியன் பவுண் செலவில் பணி நிறைவுற்றது. அங்கே ஒரே கொள்கை எல்லா அறைகளுக்கும் பின்பற்றப்படவில்லை. பெரிய வரவேற்பு மண்டபத்தின் பொன்பூசிய சுதை உட்கூரை முன்பிருந்தவாறே மீட்கப்பட்டது. சென் ஜோர்ஜ் மண்டபத்திலோ, மரம் போலத் தோன்றுமாறு வர்ணமிடப்பட்டிருந்த பழைய சாந்துக் கூரைக்குப் பதிலாக, உண்மையான ஓக் மரத்திலேயே புதிய கூரை எழுந்தது. மதிக்கத்தக்கதை மீட்டனர்; போலியாக இருந்ததை உண்மையாக்கினர். மொறிஸ் இருந்திருந்தால் பாதியேனும் உடன்பட்டிருப்பார் என்று எண்ணத் தோன்றுகின்றது.

அப்பார்க் எனக்கு உணர்த்தியது ஒன்றுதான். இறந்த தொழிலாளியின் கை திரும்பாது என்ற மொறிசின் கூற்று உண்மை. ஆனால் அவன் விட்டுச் சென்ற துண்டுகள் காக்கப்பட்டால், இன்னொரு கை அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும். துண்டுகளும் குப்பைக்குப் போய்விட்டால், எவ்வளவு பணம் இருந்தாலும் கற்பதற்கு எதுவும் மிஞ்சாது.

அழகு தொங்கும் கயிறு

மீட்பதன் பெருமையைச் சொல்லும்போது பேணாமையின் ஆபத்தையும் சொல்லாமல் விடலாகாது. இலண்டன் சாப்ட்ஸ்பரி சாலையிலுள்ள அப்பலோ நாடக அரங்கு 1901 இல் திறக்கப்பட்டது. 2013 டிசெம்பர் 19 இரவு, நாடகம் நடந்துகொண்டிருக்கையில் அதன் சுதை உட்கூரையின் ஒரு பகுதி பார்வையாளர் மீது இடிந்து விழுந்தது. 70க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். தெய்வாதீனமாக உயிரிழப்பு நேரவில்லை. சாந்தில் தோய்த்த சணல் துணிக் கட்டுகளாலே அந்த உட்கூரை மேலேயுள்ள மரங்களோடு பிணைக்கப்பட்டிருந்தது. நூறாண்டுக்கு மேலாக அந்தக் கட்டுகள் இற்றுப்போனமையே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. கீழிருந்து பார்த்தவர்களுக்கு அழகு தெரிந்தது. அது தொங்கிய கயிற்றின் நிலை தெரியவில்லை.

அடுத்த ஆண்டே, 2014 மே மாதத்தில், நியூயோர்க் பொது நூலகத்தின் பெரிய வாசிப்பு மண்டபத்தில் 52 அடி உயரத்திலிருந்து ஒரு சுதை மலர் இரவு வேளையில் கழன்று விழுந்தது. நல்லவேளையாக அங்கே எவரும் இருக்கவில்லை. மண்டபத்தை மூடி, ஒவ்வொரு மலரையும் சோதித்து, 900 சுதை மலர்களையும் உருக்குக் கம்பிவடங்களால் மேலே பிணைத்த பின்னர், 2016 ஒக்டோபரிலேயே திறந்தனர். விழுந்தது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றின் எச்சரிக்கையை ஏற்று மற்றவற்றைக் காத்தார்கள்.

முன் அறையில் நடந்தது

இனி முன் அறைக்குத் திரும்புவோம். வந்த முதியவர் முதலில் உட்கூரையைப் பார்க்கவேயில்லை. மேல்மாடிக்குச் சென்று குளியலறைத் தரைப்பலகை இரண்டைக் கழற்றி, மேலிருந்து பார்த்தார். தொங்கிய மூலையில் சாந்துக் கொளுக்கிகள் உடைந்திருந்தன. ஏனைய இடங்களில் சலாகையும் சாந்தும் உறுதியாக இருந்தன. கூரையில் ஐந்தில் ஒரு பங்கே பழுது. அதற்காக முழுவதையும் இடிப்பானேன் என்றார்.

குழாயைத் திருத்தி, ஈரம் முற்றாக உலரும்வரை பல வாரங்கள் காத்திருக்கச் செய்தார். அதன் பின்னர் தொங்கிய பகுதியை மெத்தை சுற்றிய பலகையினாலும் முட்டுக்கால்களினாலும் மெல்ல உயர்த்தித் தாங்கினார். மேற்புறத் தூசியை அகற்றி, சலாகைகளின் முதுகில் வலைத்துணி பரப்பிப் புதிய சாந்து வார்த்துக் கொளுக்கிகளை மீண்டும் உண்டாக்கினார். கீழ்ப்புறத்தில் அகன்ற வட்டத்தகடுகளோடு துருப்பிடியாத திருகாணிகளைத் தீராந்திகளில் முடுக்கி, அவற்றின் தலை தெரியாமல் பூசி மறைத்தார்.

மலரைத் தொடுமுன்னர் வர்ண மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். பின்னாளில் பூசப்பட்ட கரடுமுரடான பூச்சுகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும்; பிரித்தானியாவில் அதன் பாவனை 1999 இலேயே முற்றாகத் தடை செய்யப்பட்டது. ஆகவே சோதியாமல் உலர்வாக உரசுவதோ சுரண்டுவதோ கூடாது. இதைப் புலம்பெயர் நாடுகளில் பழைய வீடு வாங்கும் நண்பர்கள் அவசியம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அறிக்கையில் அபாயம் இல்லை என்று வந்தது. அடியில் இருந்தவை பெரும்பாலும் நீரில் கரையும் டிஸ்டெம்பர் பூச்சுகள். மேலே இருந்த எண்ணெய் வர்ணத்தை மருந்துக் களிம்பு பூசி இளக்கிய பின்னர், வெதுவெதுப்பான நீர், மென் தூரிகை, மரக்குச்சி ஆகியவற்றோடு ஓர் இதழுக்கு அரை மணி நேரம் என்று இருந்து கழுவினார். இரும்புக் கருவி எதையும் கிட்ட அண்டவிடவில்லை. நான்காம் நாள் மாலை, மெழுகு போல இருந்த அந்த உருண்டையிலிருந்து நரம்போடிய இலைகள் வெளிப்பட்டன. இலைகளுக்கு இடையே சிறு துளைகளும் தெரிந்தன. எரிவாயு விளக்கின் புகை போக வைத்தவை அவை.

உதிர்ந்துபோன கோர்னிசுக்கு, மிஞ்சியிருந்த பட்டியில் மெல்லிய வாளால் ஒரு கீறல் இட்டு, அதற்குள் மட்டையைச் செருகிப் பென்சிலால் வடிவத்தை வரைந்துகொண்டார். அதன்படி நாகத் தகட்டை வெட்டி, தம் பட்டறை மேசையில் புதிய பட்டியை இழுத்து வந்து பொருத்தினார். மூலையை மட்டும் அங்கேயே நின்று, கையினால் செய்தார். அது முடிய அரை நாள் எடுத்தது.

உண்மையைச் சொல்வதானால் செலவு குறையவில்லை. ஜிப்சம் பலகைக்குக் கேட்ட தொகையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காயிற்று. காப்புறுதிப் பணம் அதில் ஒரு பகுதியையே ஈடு செய்தது. அந்த ஆண்டு கோடை விடுமுறைக்கு ஊருக்கு வருவதாக இருந்த பயணத்தைப் பிள்ளைகள் தள்ளிப்போட்டார்கள். எல்லோராலும் இவ்வாறு செய்ய முடியும் என்றோ, செய்யாதவர் தவறிழைத்தார் என்றோ நான் கூற மாட்டேன்.

ஆயினும், அங்கிருந்து திரும்பிய பின்னர் யாழ்ப்பாணத்தில் நான் கண்ட காட்சிகள் வேறு பொருள் தரத் தொடங்கின. போர் சிதைத்தவை போக எஞ்சிய நாற்சார் வீடுகள் பலவற்றை, 2009 இற்குப் பின்னர் நாமே இடித்தோம். சுண்ணச் சாந்துச் சுவர்களை உடைத்துச் சீமெந்துத் தூண்களை எழுப்பினோம். பனங்கட்டிப் பாகு விட்டுச் சாந்து அரைத்த கதையை முதியவர்கள் சொல்வார்கள். எந்த விகிதத்தில் என்று கேட்டால் விடை தெரிந்தவர்கள் இப்போது இல்லை. இடித்த போது ஒரு துண்டுச் சாந்தையேனும் எடுத்து வைத்திருந்தால், ஓர் ஆய்வுகூடமாவது அந்த விகிதத்தைச் சொல்லியிருக்கும். வசதியின்மையால் இடித்தவர்களைக் குறை கூற முடியாது. துண்டொன்றையும் எடுத்து வைக்காத குறை எம் எல்லோருடையதும் ஆகும். பழைய வீட்டை ஆவணப்படுத்தாமல் அதன் இடிப்பைக் கண்டு கடந்துபோன பத்திரிகையாளர்களில் நானும் ஒருவன்.

ஆகவே பழைய வீடு வைத்திருப்போருக்கு, அது இலண்டனில் இருந்தாலென்ன, கொக்குவிலில் இருந்தாலென்ன, மூன்று வேண்டுகோள்கள். ஒழுக்கைக் கண்டவுடன் அடையுங்கள். தொடுமுன் படம் எடுங்கள். இடிக்கத்தான் வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டையாவது, எந்த அறையில் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த அன்று, உதிர்ந்த பழைய கோர்னிஸ் துண்டுகளை வாரிக் குப்பைப் பையில் போடப் போன தம்பியின் மகளை முதியவர் தடுத்தார். ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கேட்டு வாங்கி, நல்ல துண்டுகள் நான்கைக் கடதாசியில் சுற்றி அதனுள் வைத்தார். பென்சிலால் திகதியையும் "முன் அறை, இடப்புற மூலை" என்பதையும் பெட்டியில் எழுதினார். பின்னர் மேல்மாடிக்குப் போய், கழற்றிய தரைப்பலகைகளின் கீழே, தீராந்திகளுக்கு நடுவே அந்தப் பெட்டியை வைத்துவிட்டுப் பலகையை அடித்தார். அடுத்த முறை திறப்பவருக்கு உதவும் என்றார்.